குழாய்த் தண்ணீரில் ஒரு பச்சைப் பந்து

ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்றாம் நம்பர் பாட்டிலை இவர் வாஷ்பேசினில் கொட்டிவிட்டார். இருபத்தாறு நாள் வளர்த்த தண்ணீர். கேட்டால் "நாறுது" என்று ஒரே வார்த்தை. இவருடைய சாக்ஸ் நாறாத நாற்றமா? அதை நான் எந்தப் பேசினில் கொட்டினேன்?

குளத்து நீரில் பார்ப்பதையெல்லாம் எழுதி வைக்கத்தான் இந்த நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் முதல் உயிரின் பெயர் வர வேண்டும். என் வீட்டுக்காரர் தாணுமூர்த்தியின் பெயர் வருகிறது. போகட்டும், அவரும் ஓர் உயிர்தான்.

மைக்ராஸ்கோப் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தை மூடியபோது நாற்காலி மேசையோடு இதையும் வாசலில் போட்டு விற்றார்கள். லென்ஸ் ஒன்றில் லேசான கீறல். என் மோதிரம் ஒன்றைக் கொடுத்து எடுத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. விலங்கியலில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள் நான். மேலே படிக்கிறேன் என்றதற்கு அப்பா, "போதும் மங்கை, மாப்பிள்ளை பாத்தாச்சு" என்றார். அதற்கப்புறம் இருபத்தேழு வருஷம் நான் எந்த லென்ஸிலும் கண் வைக்கவில்லை.

பால்கனி நிழலில் ஆறு ஊறுகாய் பாட்டில், ஒரு டப்பா கண்ணாடி ஸ்லைடு, பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிற ரப்பர் தலை ஃபில்லர் ஒன்று. இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். இப்போது தண்ணீர் உள்ள பாட்டில் ஐந்து.

ஏப்ரல் 7, திங்கள்

பேச்சிமுத்து புதுத் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கள் அடுக்ககத்தின் முப்பத்திரண்டு வீட்டுக்கும் மோட்டார் போடுகிறவர், மொட்டைமாடித் தொட்டி கழுவுகிறவர், செடிக்கு ஊற்றுகிறவர் எல்லாம் அவர் ஒருத்தர்தான். வீடு பிச்சிக்குளத்துக் கரையில். வரும்போது ஒரு பாட்டில் மொண்டு வர முடியுமா என்று மார்ச்சில் கேட்டேன். அன்றிலிருந்து திங்களும் வியாழனும் தவறியதில்லை. மூடி இறுக்கிய பாட்டில், துணிப்பை, நேரே மூன்றாவது மாடி, என் வாசல். எதற்கு என்று கூடக் கேட்டதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்குக் கோபமில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்பமாட்டேன்.

வால்வாக்ஸ்! புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்து, பரீட்சையில் வரைந்து, மார்க்கு வாங்கி, ஒரு தடவைகூட நேரில் பார்க்காத பாசி, வால்வாக்ஸ். பச்சைப் பந்து. தண்ணீருக்குள் தானாக உருண்டு போகிறது. உள்ளே ஐந்தாறு குட்டிப் பந்துகள். வெயில் படுகிற குளத்தில்தான் வளரும். பாட்டிலில் மூன்று நாளுக்கு மேல் தங்காது என்கிறார்கள்.

வாசலில் நின்ற பேச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியவில்லை, கையால் பொத்திக்கொண்டார்.

"யக்கா, என்னக்கா இது, உருண்டுகிட்டுல்லா போகுது!"

"உள்ள பாருங்க, குட்டி தெரியுதா?"

"ஆமா. புள்ளத்தாச்சி." கண்ணை எடுக்காமலே சொன்னார். "இதையாக்கா நான் இம்புட்டு நாளும் பாட்டில்ல சொமந்துட்டு வந்தேன்? இந்தக் கொளத்துலதான் நான் நீச்சலே படிச்சேன். எத்தனைய முழுங்கியிருப்பேனோ."

இந்த அடுக்ககத்தில் இதுவரை இதில் கண் வைத்துப் பார்த்தது நானும் அவரும்தான். இவர் இன்னும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம், பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. இவருடைய தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். பால்கனியைப் பார்த்துவிட்டு, "மதினி, படிச்ச படிப்பெல்லாம் இந்தப் பாசித் தண்ணிக்குத்தானா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

போர் வற்றிவிட்டது. இனி லாரித் தண்ணீர்தான் என்று லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறான் செக்ரட்டரி வேலாயுதபெருமாள். எந்த ஊர்த் தண்ணீர், எந்தக் கிணறு, ஒரு விவரமும் இல்லை. கீழே பச்சை மையில் கையெழுத்து மட்டும் பெரிதாக. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் பச்சை மை போகவில்லை.

ஏப்ரல் 19, சனி

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் வியாழக்கிழமைத் தண்ணீரில் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் லேசாக மஞ்சள் அடித்தது. அதையும்தான் பார்ப்போமே என்று ஃபில்லரை இரண்டு முறை அலசிவிட்டு, தம்ளரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தேன்.

பச்சைப் பந்து. உயிரோடு உருள்கிறது. எங்கள் அடுப்படிக் குழாய்த் தண்ணீரில்!

போர் தண்ணீர் என்றுதான் லாரியில் வாங்குகிறோம், அதில் இது இருக்க வழியே இல்லை. பூமிக்கடியில் வெயில் ஏது? அப்படியென்றால் லாரிக்காரன் குளத்தில் மொண்டு ஊற்றுகிறான். செக்ரட்டரி அதைத் தெரிந்தே வாங்குகிறான். எருமை குளிக்கிற தண்ணீரில் முப்பத்திரண்டு வீட்டுப் பிள்ளைகள் பல் தேய்க்கிறார்கள்.

படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குளத்து நீர் பார்க்கிறவர்கள் நாற்பது பேர் இருக்கிற குழு. காரைக்குடி ஆரோக்கியம் சார் கேட்கிறார்: "இரண்டு தண்ணீருக்கும் ஒரே ஃபில்லரா, அம்மா? வேறு ஃபில்லர் வைத்து மறுபடி பார்த்தீர்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே படத்தை ஒரு ஆம்பளை போட்டிருந்தால் ஃபில்லரைக் கேட்பாரா? அருமை, அபாரம் என்று கைதட்டு பொம்மை நாற்பது விழுந்திருக்கும். "நான் விலங்கியல் படித்தவள் சார்" என்று மட்டும் பதில் போட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

செக்ரட்டரி வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. போனில் படத்தைக் காட்டினேன்.

"மேடம், அது போர் தண்ணிதான். லாரிக்காரன் நமக்குத் தெரிஞ்ச பையன்."

"போர் தண்ணில இது வராது."

"ஒங்க பூதக்கண்ணாடிய வச்சுப் பாத்தா எங்க வீட்டம்மா சுடுத இட்லிலயும்தான் பூச்சி தெரியும்" என்று உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அந்த அம்மாளும் சிரித்தாள். அவள் இட்லியைத்தான் சொல்கிறான், அவளுக்கு என்ன சிரிப்பு?

வீட்டுக்கு வந்ததும் படத்தை அடுக்ககத்தின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போன் ஓயவில்லை. கேன் தண்ணீர் வண்டி இரண்டு தடவை வந்து போனது. மாடிப்படியில் நிறுத்தி, "மேடம், கொதிக்க வச்சா சாகுமா?" என்று கேட்கிறார்கள். நேற்று வரை நான் 'தாணு சார் வீட்டம்மா'.

இன்று சாயங்காலம் வராந்தாவில் யாரிடமோ இவர், "என் வீட்டம்மா ஸுவாலஜில்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாற்பது பேர். மைக்ராஸ்கோப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வரிசையில் நின்று பார்த்தார்கள். பந்து நன்றாகத் தெரிந்தது, வியாழக்கிழமைக் குளத்துத் தண்ணீர். "இதுதான் நம்ம குழாய்ல வந்தது" என்றேன். கசகசவென்று பேச்சு எழுந்தது. செக்ரட்டரிக்கு முகம் செத்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் போதும் எனக்கு என்று நினைத்தேன்.

அவன் லேசுப்பட்டவன் இல்லை. எழுந்து, "லாரில ஒரு தப்பும் கிடையாது. தப்பு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றான். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டான். வாரம் இரண்டு நாள் குளத்துத் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வருவதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறானாம். தொட்டிக்கு ஏறுவதும் பேச்சிமுத்துதானாம். பாட்டிலைத் தொட்டியில் கழுவியிருப்பார், கை கால் அலம்பியிருப்பார் என்று அவனாகவே கதை கட்டினான். பேச்சிமுத்து ஏதோ சொன்னார். நான் அப்போது ஸ்லைடில் அழுக்கு என்று துடைத்துக்கொண்டிருந்தேன், சரியாகக் கேட்கவில்லை. ஒரே கூச்சல். யாருக்கும் வாய் திறக்க இடமில்லை.

நாளையிலிருந்து அவர் வர வேண்டாம் என்று முடிவாயிற்று. அடி செக்ரட்டரி தலையில் விழ வேண்டியது. அயோக்கியன், ஓர் ஏழை தலையில் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொண்டான்.

ஏப்ரல் 28, திங்கள்

புது ஆள் தொட்டி கழுவுகிறான். செக்ரட்டரியின் மச்சினனுக்குச் சொந்தக்காரனாம். பகல் முழுக்கச் சத்தம்.

மே 1, வியாழன்

தண்ணீர் வரவில்லை. குளத்துத் தண்ணீரைச் சொல்கிறேன். மே தினம், எல்லாருக்கும் லீவுதானே.

கெட்டிக்காரர், வேறு வேலை கிடைத்துவிடும். எத்தனையோ அடுக்ககம் இருக்கிறது. ஆனால் அந்த வேலாயுதபெருமாளை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மே 8, வியாழன்

மூன்றாம் தேதியிலிருந்து தினம் இரண்டு ஸ்லைடு, குழாய்த் தண்ணீர் மட்டும். ஒன்றும் இல்லை. மணல் துகள், என் இமை முடி ஒன்று, காற்றுக் குமிழி. பந்து இல்லை. லாரியை மாற்றிவிட்டான் என்று அர்த்தம். ஜெயித்தது நான்தான். ஆரோக்கியம் சாருக்கு இதை எழுதி அனுப்பினேன். "நல்லது அம்மா. ஆனால் ஃபில்லர்?" என்று பதில். இந்த மனுஷனுக்கு வேறு கேள்வியே தெரியாதா?

இருபத்தைந்தாம் தேதி அடுக்கக ஆண்டு விழாவாம். எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். சொல்ல வந்தது செக்ரட்டரியே. மான ரோஷம் இல்லாத ஜென்மம். சரி என்றேன்.

மே 13, செவ்வாய்

பாட்டில்களில் எல்லாம் செத்துவிட்டது. நானே பிச்சிக்குளத்துக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தத் தூரத்தை அவர் பாட்டிலோடு சைக்கிளில் வந்திருக்கிறார்.

கரைத் தெருவில் அவர் வீட்டு வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது. மணி பத்தரை, வேலை நாள். ஏதாவது லீவாக இருக்கும். நான் அந்தப் பக்கம் போகாமல் பம்ப்செட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன், அது நிழல்.

மே 14, புதன்

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, துணி காயப்போட்டு, மாவாட்டி, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் கொண்டுவந்த தண்ணீரில் பந்துகள் நிறைய இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. லென்ஸின் பழைய கீறலா, ஸ்லைடில் புதிதா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒன்றுமே இல்லாத தண்ணீர் தேவை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற, காய்ச்சி வடித்த நீர், சீல் உடைக்காத கேன் ஒன்று இருந்தது. உடைத்தேன். ஃபில்லரை எப்போதும்போல் இரண்டு முறை அலசினேன். புது ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்தேன்.

பச்சைப் பந்து உருண்டு போனது.

கேனை முறைத்துப் பார்த்தேன். அதற்குள் போய் எந்தச் செக்ரட்டரி குளத்துத் தண்ணீரை ஊற்றினான்? இன்னொரு ஸ்லைடு வைத்தேன். அதில் பந்து இல்லை, ஆனால் பச்சைத் தூள். மூன்றாவதிலும் தூள். ஃபில்லரின் ரப்பர் தலையைப் பிடுங்கி, இவருடைய ஷேவிங் பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே வழவழவென்று பச்சை. குளத்துத் தண்ணீர் ரப்பருக்குள் ஏறித் தங்கியிருக்கிறது, அலசினால் போகவில்லை. கண்ணாடிக் குழாயை மட்டும்தான் நான் அலசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கும் பந்து என் ஃபில்லரிலிருந்துதான் வந்தது. மே மாதம் ஆறு நாள் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் லாரி இல்லை. வீட்டில் புதுக் குளத்துத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். கல்லூரியில் முதல் வருஷம், முதல் வகுப்பு, முதல் பாடம்: ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு ஃபில்லர். காரைக்குடியில் இருக்கிற மனுஷனுக்குத் தெரிந்தது. முதலாவதாக வந்த முண்டத்துக்குத் தெரியவில்லை.

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கிறது. துடைக்கவில்லை.

மே 15, வியாழன்

ஃபில்லர் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தால், "விடு ஏட்டி. யாருக்கும் தெரியாதுல்லா? பொன்னாடை வேற போடுதாங்க" என்றார்.

"பேச்சிமுத்துக்கு வேலை போச்சே?"

"அவன் என்ன, தொட்டிய ஒழுங்காவா கழுவியிருப்பான்?"

என் தப்பு வெளியே தெரிந்தால் 'என் வீட்டம்மா ஸுவாலஜி' என்று சொல்ல முடியாது, அந்தக் கவலை இவருக்கு. எனக்கு வந்த கோபத்தில் இவருடைய பேப்பரை எடுத்து பாட்டிலுக்கு அடியில் விரித்தேன்.

மே 25, ஞாயிறு

மைக்கில் சொல்லிவிட்டேன். பத்து நாள் வயிற்றில் வைத்திருந்ததை மேடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "தண்ணீரில் ஒன்றுமில்லை. அந்தப் பந்து என் ஃபில்லரிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது" என்று தெளிவாகச் சொன்னேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். செக்ரட்டரி மைக்கை வாங்கி, "பாத்தீங்களா, நம்ம மேடத்தோட தன்னடக்கம்!" என்றான். கைதட்டினார்கள்! பொன்னாடையை விரித்துப் போர்த்தினான். போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கேசரி கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் அதற்கும் ஒரு பொன்னாடையைப் போர்த்தி மூடுகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இவர்களுக்கு என்ன, தொட்டி சுத்தமாகிவிட்டது, மச்சினன் ஆளுக்கு வேலை ஆகிவிட்டது, மேடத்துக்குத் துணி ஆகிவிட்டது.

விடவில்லை நான். "அப்போ பேச்சிமுத்துவ திருப்பிக் கூப்பிடுங்க" என்றேன், மைக் இல்லாமலே, கத்தி.

"மேடம், தொட்டில கழுவுனானோ இல்லையோ, குளத்துத் தண்ணிய உள்ள கொண்டாந்தது உண்மைதானே? யாரக் கேட்டுக் கொண்டாந்தான்? அது தப்புதானே?" என்றான்.

அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பதில் சொல்ல இடமில்லை. ஆனால் மனது லேசாகத்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இந்த அடுக்ககத்தில் தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

மே 26, திங்கள்

போனேன். அறுத்த ரப்பரை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், காட்டுவதற்கு.

பேச்சிமுத்து வாசலில் சைக்கிள் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு, எழுந்திருக்க வேண்டாமே என்று நினைத்தவர்போல மறுபடி உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லக்கனி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க. பூச்சி கெடக்கான்னு நல்லாப் பாத்துட்டுக் குடிங்க."

"ஏளா, சும்மா இரு" என்றார் அவர். ஆனால் அதட்டிச் சொல்லவில்லை.

குடித்தேன். ரப்பரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரித் தண்ணீர், பிளேடு, மேடை, மைக், பொன்னாடை, கைதட்டல் எல்லாம். அவர் ரப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சை காய்ந்து கறுத்திருந்தது.

"இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா. தப்பு என் மேலதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரிக்கா." ரப்பரைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பந்து எங்கேருந்து வந்தா எனக்கென்னக்கா? கொழாய்லேருந்து வந்துச்சோ, ரப்பர்லேருந்து வந்துச்சோ. அதுக்கா என்னய நிப்பாட்டுனாங்க?"

நான் கவரின் வாயை மடித்தேன்.

"யாரக் கேட்டுடே தண்ணி கொண்டாந்தன்னு செக்ரட்டரி கேட்டாருல்லா? நான் ஒங்களப் பாத்தேன். 'நாந்தான் கொண்டாரச் சொன்னேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. அந்த ஒரு வார்த்த போதும்க்கா எனக்கு. நீங்க அந்தக் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டே இருந்தீய."

"கூட்டத்துல சத்தமா இருந்துச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு கேக்கும்போது சத்தமே இல்லக்கா. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

செயினை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டதற்கு, "மொதல்ல கூப்புடட்டும், பொறவு பாப்போம்" என்றார் நிமிராமலே. செல்லக்கனி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பம்ப்செட் வழியாகச் சுற்றவில்லை.

மே 27, செவ்வாய்

காலையில் ஒரு முழுத்தாள் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பத்து மணிக்குப் போனேன், இல்லை. கிழித்தது யார் என்று சொல்ல மைக்ராஸ்கோப் தேவையில்லை.

இன்னொன்று எழுதி ஒட்டினேன். நாலு மணிக்கு அதுவும் இல்லை. இவர், "மானத்த வாங்காத, மங்கை" என்றார். மானம் ஏப்ரல் இருபத்தேழாம் தேதியே போய்விட்டது, நீங்கள் வரிசையில் நின்று பந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் தெரியவில்லை என்றேன். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஜெராக்ஸ் கடை எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டார்.

மே 28, புதன்

இன்று முப்பத்திரண்டு வீட்டுக் கதவிலும் போட்டாயிற்று. செக்ரட்டரி வீட்டில் இரண்டு பிரதி. எத்தனையைத்தான் கிழிப்பான்? வரும் ஞாயிறு மறுபடி கூட்டம் வேண்டும் என்று ஒன்பது வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதி வீடுகளுக்கு நாளைக்கு ஏறி இறங்குவேன். பேச்சிமுத்து வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

ஏப்ரல் 27 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எல்லார் மேலும் கோபம் எழுதியிருக்கிறது, எழுத வேண்டியது மட்டும் இல்லை. தாளில் எழுதி ஒட்டியதை இங்கேயும் எழுதுகிறேன்.

பேச்சிமுத்து குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தது எனக்காக. மார்ச் மாதம் நான்தான் கேட்டேன். மூடி இறுக்கிய பாட்டிலில் நேரே என் வாசலுக்குக் கொண்டுவந்தார், ஒரு நாளும் தொட்டிப் பக்கம் கொண்டுபோனதில்லை. கூட்டத்தில் செக்ரட்டரி, "யாரக் கேட்டுடே கொண்டாந்த?" என்று கேட்டபோது அவர், "மூணாவது மாடி அக்காதான் கேட்டாவ" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. செக்ரட்டரி என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படியா மேடம்?" என்றான். ஆமாம் என்றால், குளத்துத் தண்ணீர் வீட்டில் வைத்திருக்கிறவள் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு நாள் கழித்து எல்லாரும் என்னை நம்பியிருந்தார்கள். அதை விட மனது வரவில்லை.

பேச்சிமுத்துவும் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்து ஸ்லைடைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்லைடில் அழுக்கே இல்லை.